மார்க்கெஸா, டுகாட்டியா?

தம்பி, மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் மார்க்கெஸ் ஜெயிப்பது அவர் திறமையாலா, பைக்காலா என்ற பேச்சில், செந்தூல் மாமாக் கடையில் கூட்டாளிகள் ‘டுகாட்டி பைக் கிடைத்தால் எவனும் ஜெயிப்பான்’ என்று மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மைதான். 2024-இல் 20 பந்தயங்களில் 19 டுகாட்டிக்கே போயின. மார்க்கெஸே 2023-இல் ஹோண்டாவில் ஆண்டுப் பட்டியலில் 14-ஆம் இடம். மறு ஆண்டு, ஓராண்டு பழைய டுகாட்டியில் 3-ஆம் இடம்.

ஆனால் 2019 கணக்கை எடுத்துப் போடுங்கள். அதே ஹோண்டாவில் மார்க்கெஸ் 420 புள்ளி, அணியில் கூட ஓட்டிய லோரென்சோ 28. அவரும் மூன்று முறை மோட்டோஜிபி சாம்பியன்! (காயத்தால் சில பந்தயங்களை விட்டார், அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.)

அப்புறம், செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனால் கடைசி வளைவுப் பக்கம் உட்காருங்கள். நேர்ப்பாதையில் முந்துவது எஞ்சின். பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப, அப்போதும் உள்பக்கம் நுழைகிறானே, அது ஆள்.