மோர்தானா நிரம்பினா எங்கே போறது? – பதில்

வணக்கம் சார். குடியாத்தத்துல கவுண்டன்யா ஆத்தோரம் வீடு, அம்மாவால நடக்க முடியாது, மோர்தானா அணை நிரம்பினா யார்கிட்ட போறதுன்னு கேட்டிருந்தீங்க. நகராட்சியை மட்டும் நம்பி உட்காராதீங்க. கால்வாய் தூர்வாருறது, முகாம்ல தண்ணி, கழிப்பறை இதெல்லாம் அவங்க பாடு. ஆளுங்களை வெளியேத்துறது கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ.ன்னு வருவாய்த்துறை பக்கம்.

வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடியே தாழ்வான இடங்களைப் பட்டியல் போட்டு, முகாமுக்குப் பள்ளிக்கூடம், மண்டபம்னு குறிச்சு வெப்பாங்க. வி.ஏ.ஓ.வைப் பார்த்து, 'எங்க தெரு அதுல இருக்கா, பள்ளிக்கூடச் சாவி யார்கிட்ட?'ன்னு கேளுங்க. சாவியை லேசா நினைக்காதீங்க. நடுராத்திரி வாட்ச்மேனைத் தேடி அலையுறது பெரிய கொடுமை. அம்மா விஷயத்தை மனுவா எழுதிக் கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிடுங்க. ஆட்டோ மைக் அறிவிப்பு மழை இரைச்சல்ல காதுல விழாது. சந்தேகம்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கு நீங்களே போன் போடுங்க.