ரொட்டிக்கடையில் படித்த செக்

செக் குடியரசின் ப்ர்னோ நகருக்கு நான் வந்து 15 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் ஒரு ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்றேன். எனக்குத் தெரிந்த செக்கில் முக்கால்வாசி, அங்கே வரிசையில் நின்ற பாட்டிமார் திருத்தித் திருத்திக் கொடுத்தது. உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஆங்கில வழிப் புத்தகம் ஒன்றை வைத்து எட்டு மாதமாகப் படிக்கிறேன் அக்கா. ஏழு வேற்றுமை என்றதும் மூடி வைத்துவிட்டேன். எனக்கெல்லாம் இது வருமா? (வாசகி, ப்ராக்)

பதில்: ஏழுக்கே மிரண்டால் எப்படித் தங்கச்சி, நம்மிடம் எட்டு இருக்கிறதே! கோளாறு நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில். அந்த மொழியில் வேற்றுமை உருபு தேய்ந்துபோனதால், அந்தப் புத்தகங்கள் ஒவ்வோர் உருபையும் உலக அதிசயம் மாதிரி விளக்கும். வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் என்று காலையிலிருந்து ராத்திரி வரை உருபு போட்டே பேசுகிற நமக்கு அந்த விளக்கம் எதற்கு?

செக் பிள்ளைகளும் பள்ளியில் வேற்றுமையை எண் போட்டுத்தான் படிக்கிறார்கள். வரிசைதான் வேறு. நம் இரண்டாம் வேற்றுமை அவர்களுக்கு நாலாவது. நம் நாலாவது அவர்களுக்கு மூன்றாவது. நம் கடைசி விளி வேற்றுமை அவர்களுக்கு ஐந்தாவது. ஒரு தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

விளியிலிருந்து தொடங்குங்கள். முருகனை 'முருகா' என்று கூப்பிடுகிற வாய்க்கு, பெத்ரை 'பெத்ர்ஷே' என்றும், யனாவை 'யனோ' என்றும், திருவாளர் நோவாக்கை 'பனே நோவாகு' என்றும் கூப்பிடுவது விளையாட்டு. சரியான விளியில் கூப்பிட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் முகம் மாறும்.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நம் 'ஐ' எந்தப் பெயருக்கும் 'ஐ'தான். அவர்களுக்கு ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத மூன்றாவது பால், ஒருமை, பன்மை என்று உருபு ஆடை மாற்றிக்கொண்டே இருக்கும். கடையில் ரோஹ்லீக் என்று விரல் நீள ரொட்டி விற்போம். ஒன்று என்றால் ரோஹ்லீக். இரண்டு முதல் நாலு வரை ரோஹ்லீகி. ஐந்து ஆனதும் ரோஹ்லீகூ, அதாவது 'ரொட்டிகளின்' ஐந்து. நான் ஒரு மாதம் 'பியெத் ரோஹ்லீகி' என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் ஏழு மணிக்கு வரும் ஒரு பாட்டி, ஐந்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்து, 'ரோஹ்லீ... கூஊஊ' என்று இழுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த 'கூ' இன்றுவரை எனக்குத் தவறியதில்லை.

குறில் நெடில் பார்த்து உச்சரிக்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. 'பித்' என்றால் குடியிருக்கும் ஃபிளாட், 'பீத்' என்றால் இரு. எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருந்தால் நெடில், அவ்வளவுதான்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் நான் எது சொன்னாலும் 'நோ, நோ' என்கிறார். என்னைப் பிடிக்கவில்லையோ? (வாசகர், ஒலொமோவ்த்ஸ்)

பதில்: ரொம்பவே பிடித்திருக்கிறது! 'அனோ' என்றால் ஆமாம். அதன் பேச்சுச் சுருக்கம்தான் 'நோ'. 'ம், சரி' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 'இல்லை'க்கு 'நெ'. 'நோ யோ' என்று பெருமூச்சோடு சொன்னால், 'ஹூம், என்ன செய்வது' என்று அர்த்தம்.

கேள்வி: கணவரின் மேலதிகாரி வீட்டில் விருந்து. 'பூல் ஒஸ்மே'க்கு வரச் சொன்னார்கள். ஒசும் என்றால் எட்டு, பூல் என்றால் அரை என்று எட்டரைக்குப் போனோம். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. என்ன தவறு செய்தோம்? (வாசகி, ப்ல்ஸென்)

பதில்: ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறீர்கள். பூல் ஒஸ்மே என்றால் ஏழரை. எட்டாவது மணியில் பாதி கடந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. 'ச்த்வர்த் ந ஒசும்' என்றால் எட்டை நோக்கிக் கால், அதாவது ஏழேகால். முக்காலுக்கும் இதே கதை. செக் ஆள் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு, நம் கால், அரை, முக்காலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்தில் அவர்கள் கறார். ஏழரை என்றால் ஏழரைதான்.

அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு விஷயம். செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், உள்ளே போட விருந்தாளிச் செருப்பு தருவார்கள். பூ வாங்கினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படைப் பூ சாவு வீட்டுக்கு.

கேள்வி: மகளின் தோழியுடைய பாட்டியிடம் 'தி' போட்டுப் பேசிவிட்டேன். அவர் சட்டென்று சுருங்கிப்போனார். (வாசகர், ப்ராக்)

பதில்: ஊரில் ஒரு பாட்டியை முதல் சந்திப்பிலேயே 'நீ' என்பீர்களா? தி என்றால் நீ, வி என்றால் நீங்கள். தெரியாத பெரியவர்கள், கடைக்காரர், டாக்டர், டிராம் ஓட்டுநர் எல்லோருக்கும் வி. கடவுளுக்கும் அம்மாவுக்கும் தி, இதிலும் நம்மைப்போலத்தான். ஆனால் 'வி'யிலிருந்து 'தி'க்கு இறங்க ஒரு சடங்கு உண்டு. மூத்தவர் இளையவரிடம், பெண் ஆணிடம், மேலதிகாரி ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் கடை முதலாளியம்மா அதைச் சொல்ல ஒன்பது மாதம் ஆனது. சொன்ன கையோடு ஸ்லிவொவித்ஸெ என்ற பிளம் சாராயத்தைச் சின்னக் கிளாஸில் ஊற்றி நீட்டினார். நான் உதட்டில் தொட்டுவிட்டு இருமினேன்.

கேள்வி: 'நல்ல' என்பதற்கு வகுப்பில் 'தொப்ரீ' சொல்லித் தருகிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் 'தொப்ரேய்' என்கிறார்கள். எதைப் படிப்பது? (வாசகர், ப்ராக்)

பதில்: எழுதும்போது 'வந்துவிட்டார்கள்', பேசும்போது 'வந்துட்டாங்க'. நமக்கு இது புதிதா என்ன? அவர்களிடமும் ஏட்டு மொழி ஒன்று, வாய் மொழி ஒன்று. வகுப்பில் படிப்பதையே பேசுங்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். காது மட்டும் இரண்டுக்கும் பழகட்டும். இங்கே, ப்ர்னோ இருக்கும் கிழக்குப் பகுதியான மொராவியாவுக்கு வந்தால் கணக்கு மறுபடி மாறும். 'நான் இருக்கிறேன்' என்பதற்கு ப்ராக்கில் 'செம்', ப்ர்னோவில் 'சு'. டிராம் என்றால் நாட்டுக்கே 'த்ரம்வாய்', எங்கள் ஊருக்கு மட்டும் 'ஷலினா'.

கேள்வி: எந்த எழுத்து நம் நாக்குக்குக் கஷ்டம்? (வாசகி, ஆஸ்ட்ராவா)

பதில்: எல்லோரும் 'ர்ஷ்' என்ற அந்தக் கொக்கி வைத்த எழுத்தைச் சொல்வார்கள். 'ற'வை உருட்டிக்கொண்டே 'ஷ' ஊதுவதுபோல வரும். செக் குழந்தைகளுக்கே அது கடைசியாகத்தான் வாய்க்கும், அதற்கென்று பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஜனாதிபதியாக இருந்த வாத்ஸ்லாவ் ஹாவெலுக்கே 'ர' சரியாக உருளாது. ஆகவே அதை விடுங்கள்.

நம்மைக் கவிழ்ப்பது ப. தமிழில் ஒரே எழுத்தை வைத்து இரண்டு ஒலியையும் ஓட்டிவிடுகிறோம். செக்கில் காற்று மட்டும் வரும் 'பீத்' என்றால் குடி. தொண்டை அதிரும் 'பீத்' என்றால் அடி. பாருங்கள், இந்தப் பத்தியில்கூட என்னால் வேறுபடுத்தி எழுத முடியவில்லை! வந்த புதிதில் வீட்டுக்காரம்மாவை உட்கார வைத்து, 'ஏதாவது குடிக்கிறீர்களா?' என்று உபசரித்தேன். என் வாயிலிருந்து வந்தது 'யாரையாவது அடிக்கிறீர்களா?' ரகம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இப்போது வேண்டாம், காபி போதும்' என்றார். தொண்டையில் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகுங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். வெளியே என்ன சாப்பிடுவது? (வாசகி, ப்ராக்)

பதில்: 'பெஸ் மசா' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் சில சமையல்காரர்கள் கணக்கில் பன்றித்தொடைத் துண்டு இறைச்சியே கிடையாது, சூப்பின் அடியிலும் எலும்புச் சாறு இருக்கலாம். விளக்கிக் கேளுங்கள். எங்கும் கிடைப்பது பொரித்த சீஸ், 'ஸ்மஜெனீ சீர்'. பழம் பொதிந்த கொழுக்கட்டையை உருக்கின வெண்ணெய், சர்க்கரை போட்டு மதியச் சாப்பாடாகவே வைப்பார்கள், இனிப்புச் சாப்பாடு என்று முகம் சுளிக்காதீர்கள். புளிப்பு போட்டுச் சமைக்கும் 'சொச்கா' நம் பருப்பின் தூரத்துச் சொந்தம். அதனுடன் முட்டையும் தொத்திறைச்சியும் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு எவ்வளவு செக் வேண்டும்? (வாசகர், ப்ர்னோ)

பதில்: ஐரோப்பிய மொழித் தேர்வு அளவில் ஏ1 அடிப்படி, அடுத்தது ஏ2, அதற்கு மேல் பி1. 2021 செப்டம்பரிலிருந்து ஏ2 நிலை, அதற்கு முன் ஏ1 போதுமாக இருந்தது. பொதுவாக ஐந்து வருடத் தொடர் வசிப்புக்குப் பிறகு கேட்பார்கள். நாட்டின் குடிமகனாகவே ஆக வேண்டுமானால் பி1, கூடவே நாட்டைப் பற்றி 30 கேள்வி, 18 சரியாக வர வேண்டும். வெளிநாட்டவர் ஒருங்கிணைப்பு மையங்களில் இலவச வகுப்பு நடத்துகிறார்கள், விசாரியுங்கள்.

கேள்வி: ஈஸ்டர் திங்களன்று காலையில் மேல்வீட்டுப் பையன்கள் பின்னிய குச்சியோடு வந்து என் மகளை அடிக்க வேண்டும் என்றார்கள். கதவைச் சாத்திவிட்டேன். போலீசுக்குச் சொல்லலாமா? (வாசகி, ஸ்லீன்)

பதில்: ஐயோ, வேண்டாம்! அது பொம்லாஸ்கா. வில்லோ மரத்தின் இளங்கிளைகளைப் பின்னி, பெண்களின் காலில் லேசாகத் தட்டுவார்கள். அந்த வருடம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. பதிலுக்குச் சாயம் பூசிய முட்டை கொடுத்து, குச்சியில் ரிப்பன் கட்டிவிட வேண்டும். பிடிக்காத பெண்கள் இங்கேயும் உண்டு. மகளுக்கு இஷ்டமில்லை என்றால் வாசலிலேயே முட்டையைக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த முறை ஞாயிறு இரவே ஒரு டஜன் முட்டை அவித்து வையுங்கள். விடிந்ததுமே மணி அடிப்பார்கள்.