பச்சிளங்குழந்தைக்குச் சிறுநீர்ப்பெருக்கி மருந்து: அளவை மில்லிகிராமில் கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 26 நாள் ஆகிறது, எடை 2.5 கிலோ. இதயத்தில் ஓட்டை இருப்பதால் திருச்சூரில் ஃபுரோசமைட் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். புட்டி விழுந்து உடைந்துவிட்டதால் பொள்ளாச்சியில் வேறொன்று வாங்கினோம். பழைய அளவையே கொடுக்கலாமா? சிறுநீர் நிறையப் போகிறதே, சர்க்கரைத் தண்ணீர் கொடு என்கிறார் மாமியார். (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, புதிய புட்டியின் மேல் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். இந்த மருந்தின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறலாம். கணக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்: மருத்துவர் 2.5 மி.கி. எழுதியிருந்தால், மில்லிக்கு 10 மி.கி. உள்ள புட்டியில் அது கால் மில்லிதான். மில்லிக்கு 4 மி.கி. உள்ள புட்டியில் 0.6 மில்லிக்குச் சற்று மேல். இரண்டையும் மாற்றி அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எழுதிக் கொடுத்த மருத்துவரை அடுத்த வேளைக்கு முன்பே தொலைபேசியில் அழையுங்கள். அளவை மில்லிகிராமிலேயே கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. பெரியவர்களுக்கான 40 மி.கி. மாத்திரையைப் பொடித்துக் கரைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர் உடலில் இந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். நிறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு அதற்கே ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். குறைமாதச் சிசுவுக்கு 20 மணி நேரத்தையும் தாண்டலாம். சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை என்பதே காரணம். கூடுதலாகக் கொடுத்த ஒரு வேளை அடுத்த வேளையோடு சேர்ந்துகொள்ளும். உடலின் சோடியமும் பொட்டாசியமும் இறங்கும். நாளடைவில் சிறுநீரகத்தில் கால்சியம் படியவும் கூடும். அதனால்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுநீர் நிறையப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஓட்டை வழியே நுரையீரலுக்கு மிகுதியாகப் பாயும் ரத்தத்தால் அங்கே நீர் கோத்து, பால் குடிக்கும்போதே குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. அந்த நீரைத்தான் மருந்து வெளியேற்றுகிறது. ஓட்டையை அது மூடாது. சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலே போதும். மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் உரை மருந்தோ நெருஞ்சில் கஷாயமோ இந்தக் குழந்தைக்கு இப்போது ஆகாது என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

குழந்தை மருந்தைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தாலும், 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கினாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு இழுத்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திருச்சூர்தான் என்றில்லை, பக்கத்தில் எதுவோ அங்கே. புட்டியும் சீட்டும் கையில் இருக்கட்டும். கிருமித் தொற்றுக்கு ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி போடுவதாக இருந்தால், குழந்தை ஃபுரோசமைட் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் செவித்திறன் பரிசோதனையும் கேளுங்கள்.

எடை ஏற ஏற அளவும் மாறும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்த பிறகே மருந்து எழுதச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுமோ என்ற கவலை இருந்தால், பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்காகக் கேரள அரசு 2017-இல் தொடங்கிய ஹ்ருத்யம் திட்டத்தில் பதிவு செய்வதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள்.