எலும்பும் உருகவில்லை, ஒன்றும் உருகவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, பாண்டிச்சேரியில் துணிக்கடை வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பீரியட்ஸ் 32 நாளுக்கு ஒருமுறை சரியாக வரும். வெள்ளைப்படுதல் மட்டும் ஒரே மாதிரி இல்லை. சில நாள் ஒன்றுமே இருக்காது, சில நாள் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று வரும், அப்புறம் கெட்டியாகிவிடும். அரிப்போ நாற்றமோ இல்லை. 'எலும்பு உருகுது' என்கிறார் பாட்டி. கறுப்பு ஜட்டிகூட அந்த இடத்தில் வெளுத்துவிட்டது. கூட வேலை செய்யும் பெண் கழுவுவதற்கென்றே ஒரு பாட்டில் வாங்கித் தந்திருக்கிறாள். உபயோகிக்கலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: பாட்டிலை மூடி வை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் எலும்பு. அங்கிருந்து ஒரு சொட்டுகூட வருவதில்லை தங்கச்சி. கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி, யோனிச் சுவரில் கசியும் ஈரம், உதிர்ந்த பழைய செல்கள், அவ்வளவுதான். வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி. எங்கள் தெருவிலும் ஒரு பெண் கொஞ்சம் ஒல்லியாக இருந்துவிட்டால் போதும், 'வெள்ளை படுது, அதான் உருகிட்டா' என்று யாராவது ஒரு பாட்டி தீர்ப்பு சொல்லிவிடுவார். நீ சண்டைக்குப் போகாதே. வெந்தயக் கஞ்சி தந்தால் குடி, வயிற்றுக்கு நல்லது. இதை நிறுத்தத்தான் குடிக்கிறோம் என்று மட்டும் நினைக்காதே.

நீ எழுதியிருப்பது மாதச் சுழற்சியின் அப்பட்டமான வர்ணனை. பீரியட்ஸ் முடிந்ததும் ஓரிரு நாள் வறண்டிருக்கும், பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏற ஏற முதலில் பிசுபிசுப்பாக, அப்புறம் க்ரீம் மாதிரி, கடைசியில் நீ சொன்ன வெள்ளைக்கரு. அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெதுவாக விரித்துப் பார், அறுந்துபோகாமல் நூலாக நீளும். கருமுட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம், விந்தணு நீந்தி மேலே போவதற்காக உடம்பு போட்டுத் தரும் பாதை அது. முட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும், அதே சளி கெட்டியாகிக் குறைந்து வாசலை அடைத்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் முட்டை வெளிவருவது பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14-ம் நாள்தான் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதே. அடுத்த பீரியட்ஸ் தேதியிலிருந்து சுமார் 14 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். உன் 32 நாள் கணக்குக்கு அது ஏறக்குறைய 18-ம் நாள். மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளைக்கரு மாதிரி வரும் நாளில் ஒரு சின்னப் புள்ளி வைத்து வா, மூன்று மாதத்தில் உனக்கே பிடிபட்டுவிடும். நாளைக்குக் கல்யாணமாகி, குழந்தை வேண்டும் என்கிறபோது இந்தக் கணக்கு உதவும். வேண்டாம் என்பதற்கு இதை மட்டும் நம்பி உட்காராதே, விந்தணு உள்ளே ஐந்து நாள் வரைகூட உயிரோடிருக்கும்.

ஜட்டி வெளுத்தது அழுக்கால் இல்லை, அமிலத்தால். தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்குச் சொந்தக்காரர்கள் அங்கே குடியிருக்கிறார்கள், லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தின் பிஹெச் அளவை (7-க்குக் கீழே போனால் அமிலம்) 3.8 முதல் 4.5 வரை வைத்திருப்பது அவர்கள்தான். துணியின் சாயம் தாங்கவில்லை, அவ்வளவுதான். கெட்ட கிருமியை அண்ட விடாமல் காவல் காப்பதும் அதே அமிலம்தான். பாட்டிலை ஊற்றி உள்ளே கழுவினால் அந்தக் காவலைத்தான் முதலில் விரட்டுவாய், டெட்டாலும் சோப்பும் அப்படியே. வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும்.

தயிர்க்கட்டி போல வந்து அரித்தால், சாம்பல் நிறத்தில் மீன் கவிச்சி அடித்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்தால், அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்தால், பீரியட்ஸ் இல்லாத நாளில் ரத்தம் கலந்தால், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எது கிட்டேயோ அங்கே மகளிர் பிரிவில் காட்டிவிடு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீயாக மாத்திரை போடாதே, அரிப்புக்கும் கவிச்சிக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொன்று. ஜட்டியைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கடற்கரை ஊர்க் காற்றில் அது சாயங்காலம் வரை நசநசவென்றுதான் இருக்கும். பருத்தியில் வாங்கி மொட்டை மாடி வெயிலில் போடு, ஐப்பசி மழையில் காயாவிட்டால் இஸ்திரி போட்டுக்கொள்.