நெஞ்சு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறதே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு வயது 14. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் பிறவி நோய்) இருப்பது ஐந்து வயதில் வியர்வைச் சோதனையில் தெரிந்தது. ஒரு வருடமாக நெஞ்சு உருண்டு முன்னால் வருகிறது. "பயில்வான் நெஞ்சு" என்கிறார் என் நாத்தனார். இறுக்கித் துணி கட்டினால் அடங்குமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: துணி மட்டும் கட்டிவிடாதீர்கள் அம்மா.

ஒன்று செய்து பாருங்கள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, அதை முழுக்க விடாமல், அதன் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்குங்கள். சீக்கிரமே கழுத்து இறுகி, "போதுமடா சாமி" என்றாகிவிடும். உங்கள் பையன் நாள் முழுக்க ஓரளவு அப்படித்தான் மூச்சு விடுகிறான். கோந்து மாதிரி சளி மூச்சுக் குழாய்களை அடைக்கிறது. இழுக்கும்போது குழாய் விரிவதால் காற்று உள்ளே போய்விடும். விடும்போது குழாய் சுருங்குவதால் ஒரு பகுதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்படி வருடக்கணக்கில் தேங்கினால் நுரையீரலுக்குக் கீழே குடைபோல் வளைந்திருக்கும் தசையான உதரவிதானம் தட்டையாகும், விலா எலும்புகள் மேலே தூக்கிக்கொள்ளும். நாத்தனார் பார்த்தது தசை இல்லை, அடைபட்ட காற்று. துணி கட்டினால் இருக்கிற மூச்சும் குறையும்.

ஆனால் நெஞ்சின் உருவத்தை வைத்து நுரையீரலை எடைபோட முடியாது. அதற்குத்தான் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்வது: முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்ற கணக்கு. ஒரு தடவை வந்த எண்ணைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதே முக்கியம். நெஞ்சு மாறியதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். தேங்கிய காற்றை அளக்கத் தனிச் சோதனை உண்டு.

செய்ய வேண்டியது சளியை வெளியேற்றுவதுதான். மருந்தைப் பனிபோல் ஆக்கித் தரும் நெபுலைசரும், சளியை எடுக்கும் பிசியோதெரபியும் ஒரு நாளும் தவறக் கூடாது. அப்புறம் நீச்சல், ஓட்டம். முதுகு கூன் போட ஆரம்பித்தால் அதற்கான பயிற்சியையும் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். திடீரென ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நுரையீரலிலிருந்து காற்று கசிந்திருக்கலாம்.

சரி, காவடி. தைப்பூசம் வருவது டர்பனின் கொடும் புழுக்கத்தில். இந்தப் பிள்ளைகளின் வியர்வையில் உப்பு அதிகம் போகும்; முத்தம் கொடுத்தாலே உதட்டில் கரிக்கும். வெறும் தண்ணீர் போதாது, உப்பு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால் சின்னக் காவடி, விடியற்காலையில், சூடப் புகைக்குத் தள்ளி. அலகு வேண்டாம்.