நீர்மூழ்கியும் காப்புறுதி முகவரும்

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் காப்புறுதி முகவராக இருக்கிறேன். போன மாதம் உங்கள் பேச்சில் டாம் கிளான்சியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அவர் நாவல்களைப் படித்து வளர்ந்தவன். எங்கள் வாசகர் வட்டத்தில் சொன்னால், "அமெரிக்கக் கடற்படைக்கு விளம்பரம், அதெல்லாம் இலக்கியமா?" என்று சிரிக்கிறார்கள். அவரும் என்னைப்போல் காப்புறுதி விற்றவர்தானே? ராணுவத்தில் ஒரு நாள்கூட இருக்காதவர் எழுதியது எப்படி அவ்வளவு எடுபட்டது? நம் ஊரை வைத்துத் தமிழில் அப்படி ஒரு நாவல் எழுத எனக்கு ஆசை. ராணுவ ரகசியம் எதுவும் தெரியாமல் முடியுமா?

— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

விளம்பரம்தான். உங்கள் வட்டத்து நண்பர்கள் சொல்வதில் தப்பில்லை. கிளான்சியின் அமெரிக்க மாலுமி கெட்டிக்காரர், நேர்மையானவர், குடும்பஸ்தர். ஆனால் அந்த மாதிரி விளம்பரத்தை எழுதியவர்கள் எத்தனையோ பேர். இவரை மட்டும் ஏன் ராத்தூக்கம் கெட்டுப் படித்தார்கள் என்பதுதான் கேள்வி.

பால்டிமோரில் 1947இல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். கண்பார்வைக் குறைவால் ராணுவத்துக்குப் போக முடியவில்லை, மேரிலாந்தில் காப்புறுதித் தொழில் பார்த்தார். முதல் நாவலான 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' 1984இல் வந்தது. சோவியத் நீர்மூழ்கியோடு அமெரிக்காவுக்கு ஓடிவரும் ஒரு கேப்டனின் கதை. வெளியிட்டது அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் பதிப்பகம். கடற்படை சம்பந்தமான கனமான நூல்களைப் போடும் இடம் அது, அதுவரை ஒரு புது நாவலைக்கூட அச்சிட்டதில்லை. முன்பணம் 5,000 டாலர். அதிபர் ரீகன் படித்துவிட்டுப் புகழ்ந்தார், புத்தகம் பறந்தது.

இவ்வளவு விவரம் இவருக்கு யார் கொடுத்தது என்று பலர் சந்தேகப்பட்டார்கள். யாரும் கொடுக்கவில்லை. எல்லாம் கடையிலும் நூலகத்திலும் கிடைத்த நூல்கள், பத்திரிகைகள், அப்புறம் 'ஹார்ப்பூன்' என்றொரு போர் விளையாட்டு. அதை உருவாக்கியவர் முன்னாள் கடற்படை அதிகாரி லாரி பாண்ட். அவரோடு சேர்ந்துதான் 1986இல் 'ரெட் ஸ்டார்ம் ரைசிங்' எழுதினார். காப்புறுதிக்காரருக்குப் பொடி எழுத்தையும் விடாமல் படிக்கும் பழக்கம் இருக்குமே, அது அவருக்குக் கைகொடுத்திருக்கலாம். ஆக, ரகசியம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் தகவலை மட்டும் அடுக்கியிருந்தால் அது கையேடாகத்தான் இருந்திருக்கும். முதல் நாவலில் ஜோன்ஸ் என்றொரு இளைஞன் வருவானே, நினைவிருக்கிறதா? அமெரிக்க நீர்மூழ்கியில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பவன். ஏதோ ஒரு ஓசை விழுகிறது. கணினி அதைக் கடலடி நிலத்தின் அசைவு என்கிறது. இவனுக்கு மனம் ஒப்பவில்லை. பதிவை வேகம் கூட்டி ஓடவிட்டுக் கேட்கிறான், சீரான ஒரு தாளம் தெரிகிறது. பூமி தாளம் போடாது, இயந்திரம்தான் போடும். கேப்டனிடம் போய்ச் சொல்கிறான். கேப்டனும், சின்னப் பையன் உளறுகிறான் என்று விரட்டாமல் உட்கார்ந்து கேட்கிறார். ஏவுகணையோ வெடிப்போ அங்கே இல்லை. தன் வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவன் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். கிளான்சியின் பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

அவர் எங்கே வளைக்கிறார் என்பதையும் பாருங்கள். அந்த நாவலுக்கு விதை ஒரு நிஜச் சம்பவம். 1975 நவம்பரில் சோவியத் போர்க்கப்பல் 'ஸ்டோரொஷெவோய்' ரீகா துறைமுகத்திலிருந்து கலகக் கப்பலாக வெளியேறியது. நடத்தியவர் வலேரி சாப்ளின், அந்தக் கப்பலின் அரசியல் அதிகாரி, அதாவது கட்சியின் ஆள். கேப்டனை அடைத்துவைத்துவிட்டு, மாலுமிகளுக்கு, கப்பல் கலகத்தைப் பற்றிய 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படம் போட்டுக் காட்டியவர். அவர் அமெரிக்காவுக்கு ஓட நினைக்கவில்லை. லெனின்கிராடு போய் வானொலியில் பேசி, புரட்சியை மறுபடி தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. மறு ஆண்டு சுட்டுக் கொன்றார்கள். கிளான்சி என்ன செய்தார்? அவர் நாவலில் கேப்டன்தான் கலகக்காரர், அமெரிக்காவுக்குத்தான் ஓடுகிறார், ஆரம்பத்திலேயே தன் கையால் கொல்வது அரசியல் அதிகாரியை! நிஜத்தில் கலகம் செய்த ஆள் கதையில் முதல் பலி. கதை விறுவிறுப்பாகிவிட்டது, வாஸ்தவம். ஆனால் சாப்ளின் அவர் கைக்கு எட்டவில்லை. அமெரிக்காவை விரும்பாத ஒரு நல்லவனை எழுத அவருக்கு வரவே இல்லை.

பிற்கால நாவல்கள் பெருத்ததற்கும் சலித்ததற்கும் காரணம் அதுதான். நாயகன் ஜாக் ரையன் தொடக்கத்தில் கோப்புப் படிக்கும் ஆய்வாளர். 1994இல் வந்த 'டெட் ஆஃப் ஹானர்' முடியும்போது அமெரிக்க அதிபராகவே ஆகிவிடுகிறார். ஒரு ஜப்பானிய விமானி பயணிகள் விமானத்தை நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் மோதுவதால் வரும் பதவி. 2001 செப்டம்பர் 11 அன்று தொலைக்காட்சிக்காரர்கள் கிளான்சியைத் தேடியது இதனால்தான். அதே நாவலில் இந்தியக் கடற்படை இலங்கையைக் குறிவைக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. ஆனால் அந்தத் தீவில் வாழும் ஒரு மனிதரும் நமக்குப் பழக்கமாவதில்லை. செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும், ஆட்கள் தெரிய மாட்டார்கள்.

செல்வாக்கு என்று பார்த்தால், இன்றைக்குப் புத்தகத்தைவிடக் கணினி விளையாட்டில்தான் அதிகம். 1996இல் அவர் பங்கெடுத்துத் தொடங்கிய விளையாட்டு நிறுவனத்தை 2000இல் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு விளையாட்டு நிறுவனம் வாங்கியது, 2008இல் அவர் பெயரையே வாங்கிவிட்டது. என் அக்கா மகன் சைபர் கஃபேயில் 'ரெயின்போ சிக்ஸ்' ஆடிய காலத்தில் டாம் கிளான்சி என்பது ஏதோ கம்பெனி என்று நினைத்திருந்தான். 2013இல் ஆள் இறந்த பிறகும் அட்டையில் பெயர் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே எழுதுவது வேறு ஆட்கள். அவனைக் குறை சொல்ல முடியுமா!

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டதை ஊரெல்லாம் பேசும். அடுத்த மாதம் 28ஆம் தேதி விடியலில் அதே கப்பல் பொய்யாக நான்காவது புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல்போல் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, 'ஷெம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. ரஷ்யக் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். அந்த மாலுமிகளின் நினைவுக்கல் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் இருக்கிறது. ஃபெரி ஏறினால் ஒரு காலையில் பார்த்துவிட்டு வரலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஜப்பானியர் காலத்தில் பினாங்கு நீர்மூழ்கித் தளமாக இருந்தது, ஜெர்மானிய நீர்மூழ்கிகள்கூட வந்து தங்கின. இங்கே சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தில் இந்திய இளைஞர்களுக்கு உளவு கற்றுக்கொடுத்து, 1942 செப்டம்பரில் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கியில் ஏற்றிக் கேரளக் கரையில் தானூரில் இறக்கினார்கள். பிடிபட்டுவிட்டார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வெய்யிலில் வளர்ந்த பையன்கள் அந்த இரும்புக் குழாய்க்குள் நாட்களை எப்படித் தள்ளினார்கள்? ஜப்பானிய மாலுமிகளிடம் எந்த மொழியில் தண்ணீர் கேட்டார்கள்? அந்த ஜப்பானியர்களில் கடலைக் கேட்ட ஜோன்ஸ் யார்? இந்தக் கதையில் யார் நல்லவர் என்று கிளான்சியின் கணக்கை வைத்துப் பிரிக்கவே முடியாது. உங்களுக்கு அது வசதி.

முதல் அத்தியாயத்தை எழுதியதும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பாதீர்கள், என் கண் தாங்காது. யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் போடுங்கள். தீபாவளிக்கு முன்னால் வந்தால் உடனே படித்துவிடுவேன்.