முதல் ரேஸ் பேடில் போர்டு: 14 அடியா, 12 அடி 6 அங்குலமா? வீட்டில் எப்படி வைப்பது?

நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் இந்தப் பந்தயப் பலகையில் நீளம் பெரிய குழப்பமில்லை. பெரியவர்கள் பிரிவில் இன்று பெரும்பாலும் 14 அடிதான்; 12 அடி 6 அங்குலம் சிறுவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் பொருந்தும். தவறு நடப்பது அகலத்தில். வேகத்துக்கு ஆசைப்பட்டு 23 அங்குலம் வாங்கினால், துடுப்பு போடுவதைவிடச் சாயாமல் நிற்கவே சக்தி போய்விடும். 26 முதல் 28 அங்குலம் எடுங்கள். ஏரியில் மட்டும் ஓட்டுவதென்றால் 25 போதும், கடலென்றால் 27-க்குக் கீழே வேண்டாம்.

கார்பன் போர்டுக்கு எதிரி வெயில்தான். உள்ளே தெர்மாகோல் போன்ற நுரை. சூட்டில் அதிலுள்ள காற்று விரிந்து, மேலோட்டைப் பிரித்து, கொப்புளம் எழுப்பும். மொட்டை மாடி, மூடிய கார், வெயிலில் கிடக்கும் போர்டுப் பை (அது அடுப்பேதான்) மூன்றும் ஆகாது. உள்ளே விரியும் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகு கையால் திறப்பதென்றால் கரையில் தளர்த்தி, தண்ணீரில் இறங்குமுன் மறக்காமல் முறுக்குங்கள். மறந்தால் நுரை நீர் குடிக்கும், போர்டு கனத்துவிடும்.

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், பஞ்சுறை போட்ட இரு தாங்கிகளில் வையுங்கள். தாங்கிகள் இரு முனையிலிருந்தும் கால் பங்கு தள்ளி இருக்கட்டும். வால் முனையில் நிறுத்தினால் அங்கேதான் முதல் விரிசல்.

காற்றடைக்கும் போர்டா? நன்றாக உலர்த்தாமல் சுருட்டாதீர்கள், பூசணம் பிடிக்கும்.